பாடுவோர்க்கு இடம்வைத்த பாட்டு

ஒரு பாட்டு நூறாண்டு நின்று வாழக் காரணம் யாது என்று கேட்டால், இலக்கியம் பயின்றோர் சொல்லின் செறிவையும் பொருளின் ஆழத்தையும் சுட்டுவர். அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில் பிறந்த ப்ளூஸ் இசைக்கும், அதனோடு உடன்பிறந்தாற்போல் வளர்ந்த நாட்டுப்பாடல்களுக்கும் இவ்விடை முழுமையாகப் பொருந்தாது. அச்சில் வைத்துப் படித்தால் அப்பாடல்களுள் பல வெளிறித் தோன்றும். மூன்று அடிகள், அவற்றுள் இரண்டு ஒன்றே. பொருளோ, பிரிந்துபோன காதலி, புறப்பட்டுவிட்ட இரயில், கைக்கு வாராத கூலி. ஆயினும் அவற்றைப் பாடக் கேட்டவர், மொழி விளங்காத நிலையிலும், எழுந்து செல்ல மனமின்றி அமர்ந்து விடுகின்றனர். எழுத்தில் இல்லாத ஒன்று பாடுங்கால் வந்து சேர்கிறது. அஃது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கிதார் ஏறிவிட்ட இந்நாளில், அதன் பின்னே உள்ள மரபைப் பெற்றோராகிய நாமும் அறிந்து வைத்தல் நன்று.

மிஸிஸிப்பி மாநிலத்தில் டட்வைலர் என்று ஒரு சிற்றூர். அதன் இரயில் நிலையத்தில், 1903ஆம் ஆண்டளவில், தாமதமாகிவிட்ட வண்டிக்காகக் காத்திருந்தார் டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசைஞர். அருகே கந்தலாடையுடன் அமர்ந்திருந்த கறுப்பினத்தவர் ஒருவர், கிதாரின் தந்திகள்மேல் கத்தியை அழுத்தி நகர்த்தி வாசித்தபடி, ஒரே அடியை மும்முறை பாடினார். ஹேண்டி முறையாக இசை பயின்றவர்; இசைக்குழு நடத்தியவர். தாம் அதுகாறும் கேட்டவற்றுள் அதுவே மிக விந்தையான இசை என்று 1941இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். பின்னர்ப் பல ப்ளூஸ் பாடல்களைத் தாள்களில் எழுதி அச்சிட்டுப் பெரும்புகழ் பெற்றவரும் அவரே. நிலையத்தில் பாடியவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

அந்த இசையின் கட்டமைப்பை முதலில் நோக்குவோம். ப்ளூஸின் பொதுவான வடிவம் பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்டது. மூன்று அடிகளுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள் உரியன. ஆனால் பாடகரின் குரல் அந்நான்கில் ஏறத்தாழ இரண்டை மட்டுமே நிரப்பும். எஞ்சிய பாதி வெறுமையாய் விடப்படும். அங்கே கிதார் மறுமொழி கூறும். அல்லது மவுத் ஆர்கன் கூறும். சில வேளை அவையில் இருப்பவரே குரல் கொடுப்பர். பாட்டின் பாதி, பாட்டாக எழுதப்படாமலே கிடக்கிறது என்பது இதன் பொருள். முதலடியை மீண்டும் பாடுவதும் வீணன்று. மூன்றாம் அடி என்னவாகும் என்று பாடகர் எண்ணிக்கொள்ளவும், கேட்போர் எதிர்பார்த்து நிற்கவும் அவ்விரண்டாம் அடி அவகாசம் தருகிறது.

சுரத்திலும் இவ்வாறே ஓர் இடம் விடப்பட்டுள்ளது. நம் கருநாடக இசையில் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என இரண்டு உண்டல்லவா? ப்ளூஸ் பாடகரின் குரல் அவ்விரண்டுக்கும் இடையே ஒரு புள்ளியில் நின்று அசையும். பியானோவின் கட்டைகளில் அந்தச் சுரம் இல்லை. கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தந்திகள்மேல் நகர்த்துவதுபோல், உடைந்த புட்டியின் கழுத்தையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டிக் கிதாரில் நகர்த்தினால்தான் அது பிடிபடும். எத்துணை அசைவு, எங்கே நிறுத்தம் என்பதற்கு நூல் இலக்கணம் கிடையாது. அதனைப் பாடகர்தாம் ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறார்.

சொற்களின் நிலையும் இத்தகையதே. ப்ளூஸ் அடிகளுள் பெரும்பாலானவை எவருக்கும் தனியுரிமையானவை அல்ல. விடியலில் எழுந்ததும் துயர் சூழ்ந்தது என்பது போன்ற தொடக்கங்கள் நூற்றுக்கணக்கான பாடல்களில் வருவன. பாடகர் அவற்றைத் தம் நினைவுக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, அன்றைய அவைக்கு ஏற்பக் கோத்துக் கொள்கிறார். வாய்மொழி மரபின் இத்தன்மை தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. பேராசிரியர் க. கைலாசபதி, 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் நூலில், மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோரின் கொள்கையைத் துணைகொண்டு, நம் சங்கப் பாடல்களில் மீள மீள வரும் தொடர்களைப் பாணர் மரபோடு இணைத்து விளக்கினார். சங்கப் பாடல்கள் பற்றிய அம்முடிவை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ப்ளூஸைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. பாடியவரின் குரலே பதிவாகியுள்ளது.

ஒரே பாட்டின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் நாம் கூறுவது தெளிவாகும். 1930இல் சன் ஹவுஸ் என்பவர், விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டன் ஊரில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ‘மை ப்ளாக் மாமா’ என்ற பாட்டை இசைத்தட்டின் இருபக்கங்களிலும் பாடினார். இவர் முன்பு பாப்டிஸ்ட் திருச்சபையில் போதகராக இருந்தவர். அந்த இசைத்தட்டு மிகச் சிலவே விற்றது. ஆனால் மிஸிஸிப்பி வட்டாரத்தில் அவருடைய பாட்டை நேரிற் கேட்ட இளைஞர் ஒருவர், 1936 நவம்பரில் சான் அன்டோனியோ நகரில் அதே மெட்டை ‘வாக்கிங் ப்ளூஸ்’ என்று தம் போக்கில் பாடிப் பதிவு செய்தார். அவர்தாம் ராபர்ட் ஜான்சன். இருபத்தொன்பது பாடல்களை மட்டும் பதிவாக விட்டுவிட்டு 1938இல் இருபத்தேழு வயதில் மறைந்தவர். ஹவுஸின் கிதாரில் பாறை உருளும் ஓசை என்றால், ஜான்சனின் கிதாரில் மூவர் கூடி வாசிப்பது போன்ற நுணுக்கம்.

1941 ஆகஸ்டில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஸ்டோவால் பண்ணைக்குச் சென்றனர். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி அவர்களுக்கு அதே மெட்டைப் பாடிக் காட்டினார். இப்பாட்டு எப்படி வந்தது என்று லோமாக்ஸ் கேட்டார். 1938இல் வண்டியின் டயர் பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தபோது தாமே கட்டியது என்றார் அவர். மேலும் கேட்கக் கேட்க, மெட்டு பருத்திக் காட்டில் வழங்கியது என்றார். ராபர்ட் ஜான்சன் இசைத்தட்டில் பாடியிருப்பதையும் குறிப்பிட்டார். அதற்கு முன்பே சன் ஹவுஸிடம் கற்றதாகவும் சொன்னார். இவற்றுள் எது உண்மை? எல்லாம் உண்மை என்பதே நம் துணிபு. பிறர் தந்த மெட்டில், பிறர் தந்த சொற்களைக் கொண்டு, பஞ்சர் ஒட்டிய அந்த நேரத்தில் அவர் தமக்கென ஒரு பாட்டைக் கட்டினார். படைத்தல் என்பதற்கு இம்மரபில் இதுவே பொருள்.

அத்தொழிலாளி 1943இல் சிகாகோ சென்றார். மட்டி வாட்டர்ஸ் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. மது அருந்தும் விடுதிகளின் இரைச்சலில் மரக்கிதார் எடுபடாமையால் மின்கிதாருக்கு மாறினார். 1948இல் அரிஸ்டோகிராட் நிறுவனத்துக்கு அதே பண்ணைப் பாட்டை, வீடு திரும்பும் ஏக்கத்தைச் சொல்லும் புதுத் தலைப்பில் பாடினார். இசைத்தட்டு கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. அதனை வாங்கியோர் யார்? 1910 முதல் 1970 வரை தென்மாநிலங்களை விட்டு வடக்கும் மேற்கும் சென்ற ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்களுள் சிகாகோவை அடைந்தோர். ஊர்ப் பாட்டு வேண்டும். ஆனால் நகரத்து உரத்த குரலில் வேண்டும் என்னும் அவர்தம் வேட்கையைத் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சன் ஹவுஸின் கதை இதனோடு முடியவில்லை. அவரும் வடக்கே ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, இரயில்வேயில் வேலை செய்து, கிதாரையும் கைவிட்டிருந்தார். 1964இல் இளம் ஆர்வலர் சிலர் அவரைத் தேடிக் கண்டனர். ஆலன் வில்சன் என்னும் இளைஞர் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டு ஹவுஸுக்கு ஹவுஸின் பாட்டுகளையே நினைவூட்டினார். 1965இல் கொலம்பியா நிறுவனத்துக்கு அவர் பாடிய ‘டெத் லெட்டர்’, 1930ஆம் ஆண்டு இசைத்தட்டின் மறுபக்கத்திலிருந்து கிளைத்தது. காதலி இறந்தாள் என்று கடிதம் வருகிறது, அவன் சென்று உடலைக் காண்கிறான், கதை அவ்வளவே. முதியவரின் கை இளமைக் காலத்தைப்போல் பிசகின்றி ஓடவில்லை; சில இடங்களில் தந்தியை அறைகிறது. ஆயினும் நம் கருத்தில் அறுபதுகளில் அவர் பாடியதே சிறந்தது. கண்களை மூடித் தலையைப் பின்னே சாய்த்து அவர் பாடுவதைப் படச்சுருளில் இன்றும் காணலாம். அப்பாட்டின் அடிகளை ஒரு நாள் பாடிய வரிசையில் மறுநாள் பாடியவரல்லர், வேகமும் மாறும். சில பாடல்களுக்குக் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, கைத்தட்டலை மட்டும் துணையாகக் கொண்டார். தட்டும் கையும் பாடும் குரலும் ஒன்றையொன்று சார்ந்தும் விலகியும் செல்லும் அந்த நிகழ்ச்சிகளில், தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று கூறியது யாது என்பது கண்முன்னே விளங்குகிறது.

ப்ளூஸ் என்றாலே துயர இசை, அத்துயரே அதன் கவர்ச்சி என்று எழுதுவோர் பலர். அடிமைத்தனமும், அதற்குப் பின் வந்த இனப்பாகுபாட்டுச் சட்டங்களும், கடன் தீராத குத்தகை உழவும் அம்மக்களை வருத்தியமை வரலாறு. அதனைச் சிறிதும் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இவ்விசை சனிக்கிழமை இரவில் ஆடுவதற்காகப் பாடப்பட்டது. சார்லி பேட்டன் கிதாரை முதுகுக்குப் பின்னே வைத்தும் முழங்கால்களுக்கிடையே வைத்தும் வாசித்துக் கூட்டத்தை மகிழ்வித்தவர். நகைச்சுவையும் இரட்டுறு மொழியும் நிறைந்த பாடல்கள் ஏராளம். துயரத்தை மட்டும் கேட்கும் செவி, பாடியவரைக் கலைஞராக ஏற்காமல், வருந்தும் ஒருவராக மட்டும் காண்கிறது. துன்புற்றோர் கோடானுகோடிப் பேர். பெஸ்ஸி ஸ்மித் ஒருவரே.

இதனினும் தீங்கு விளைத்தது தூய்மைக் கொள்கை. பழையதே உண்மையானது, சிற்றூரே தூயது, வறுமையே சான்று என்பது அக்கொள்கை. லெட்பெல்லி என்னும் பெரும் பாடகரை ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானாவின் அங்கோலாச் சிறையில் கண்டனர். அவர்கள் இல்லையெனில் அக்குரல் நமக்குக் கிட்டியிராது, அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆனால் விடுதலைக்குப் பின் 1935இல் எடுக்கப்பட்ட செய்திப்படத்தில் அவரைச் சிறையுடையிலேயே நடிக்க வைத்தனர். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் ஜான் ஹேமண்ட் நடத்திய புகழ்மிக்க நிகழ்ச்சிக்கு, ராபர்ட் ஜான்சன் இறந்துவிட்டமையால், பிக் பில் ப்ரூன்சி வந்தார். சிகாகோவில் பல்லாண்டு வாழ்ந்து எண்ணற்ற இசைத்தட்டுகள் பாடிய நகர்ப்புறக் கலைஞர் அவர். அவைக்கு அறிமுகப்படுத்தும்போது அவரைப் பண்ணை உழவர் ஆக்கிவிட்டனர். அவையோர் கேட்க விரும்பியது அதையே! 1958இல் மட்டி வாட்டர்ஸ் இங்கிலாந்து சென்றபோது மின்கிதாரின் முழக்கம் அளவு கடந்தது என்று சிலர் குறைப்பட்டனர். அடுத்த முறை மரக்கிதாருடன் சென்றால், மின்கிதார் எங்கே என்று கேட்டார்களாம். இதனை வேடிக்கையாகச் சொல்லி வந்தவர் அவரே. 1965இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியதால் எழுந்த பூசல் ஊரறிந்தது, விரித்தல் வேண்டா.

மரபைப் போற்றுவதாகக் கூறும் அவை, மரபைச் சுமந்து வந்தவரின் மாற்றத்துக்கு மட்டும் தடை விதிப்பது எவ்வகையில் நேர்மை? பாடுவோர்க்கு இடம் விட்டுப் பிறந்த பாட்டில், அவ்விடத்தையே அடைத்துவிடும் செயல் அது.

தேடிச் சென்றோரால் விளைந்த நன்மையையும் சொல்லல் வேண்டும். 1952இல் ஹாரி ஸ்மித், 1927 முதல் 1932 வரை வெளிவந்த பழைய இசைத்தட்டுகளிலிருந்து எண்பத்து நான்கைத் தெரிந்து ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழி ஒரு தொகுப்பாக வெளியிட்டார். கறுப்பர் எவர், வெள்ளையர் எவர் என்று அதில் குறிக்கவில்லை. நாம் அறிந்தவரை இவ்விசைக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த விமரிசனம் அந்த மௌனமே. அத்தொகுப்பில் இருவகையும் கலந்து கேட்டோர் மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளையர் என்று எண்ணியதும் உண்டு. ஹர்ட் 1928இல் பாடிப் பதிந்துவிட்டு, தட்டுகள் விலைபோகாமையால் ஊருக்குத் திரும்பி உழவு வேலை செய்தவர். அவர் பாட்டில் வந்த அவலான் என்னும் ஊர்ப்பெயரைப் பற்றிக்கொண்டு 1963இல் அங்கேயே அவரைக் கண்டனர். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் அவர் கட்டைவிரல் தாளம் தவறவில்லை. அரற்றல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோன்ற குரல். ப்ளூஸ் என்றால் கதறல் என்று எண்ணுவோர் ஹர்ட்டிலிருந்து தொடங்கலாம்.

நாட்டுப்பாடல் பக்கம் திரும்பினால், எலிசபெத் காட்டனைவிட இனிய சான்று வேறில்லை. இடக்கைப் பழக்கமுடைய அவர், வலக்கையாளர்க்குத் தந்தி கட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்தே கற்றுக்கொண்டார். அதனால் பிறர் கட்டைவிரலால் மீட்டும் கீழ்ச்சுரங்களை இவர் விரல்களாலும், மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். அந்த ஒலி வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. இசைக் குடும்பமான சீகர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தபோது, சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசித்ததால் வெளியுலகுக்குத் தெரிய வந்தார். சிறுவயதில் அவர் கட்டிய சரக்கு இரயில் பாட்டு இங்கிலாந்தில் வேறிருவர் பெயரில் உரிமை பதியப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. எவர்க்கும் பொதுவான மெட்டு என்ற பெருமையைப் பேசுவோர், பொது என்று சொல்லி எளியவர் பெயரைத் துடைத்த வணிகத்தையும் சேர்த்தே பேசல் வேண்டும். 1985இல் அவருக்கு கிராமி விருது கிடைத்தபோது அகவை தொண்ணூறை ஒட்டியிருந்தது. மேடையில் பாதிப் பாட்டை அவையோரிடம் விட்டுவிட்டு, தாம் மீட்டிக்கொண்டே அவர்களைப் பாட வைப்பார். அவை அடங்கிப் பாடும்.

அவையிடம் விடப்பட்ட பாட்டு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை நம் பிள்ளைகளின் பள்ளியிலேயே காணலாம். இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் ஆக்கிய ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்னும் பாட்டைப் பாடாத வடபுலப் பள்ளி அரிது. அதன் மூலம் ‘வீ ஷல் ஓவர்கம்’. கறுப்பினத் திருச்சபைகளில் ‘நான்’ என்று பாடப்பட்டதை, 1945இல் தென்கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ‘நாம்’ என்று மாற்றினர். டென்னஸியின் ஹைலாண்டர் பள்ளியில் ஸில்ஃபியா ஹார்ட்டன் அதனைக் கற்றுப் பரப்பினார். பீட் சீகர் சில சொற்களை மாற்றினார். 1959இல் அப்பள்ளியில் காவலர் இரவில் புகுந்து சோதனையிட்டபோது, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அஞ்சாமையைக் கூறும் அடியை அந்த இருளிலேயே சேர்த்துப் பாடினாள். பாட்டின் பெரும்புகழ்பெற்ற அடிகளுள் அது ஒன்று. கவிதை நூலாக மதிப்பிட்டால் இப்பாட்டுக்கு இரண்டாந்தர மதிப்பெண்ணே கிட்டும். ஆயினும் காவலர் சூழ்ந்த இருட்டில் ஒரு சிறுமி நுழைவதற்கு அதில் இடம் இருந்தது.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையும் கூறாவிடில் விமரிசனம் ஆகாது. மூன்று அடிச் சட்டகம், இடம் நிரப்பத் தெரியாதவர் கையில் சலிப்பூட்டும். இன்று பல நாடுகளின் விழா மேடைகளில் மிஸிஸிப்பி உச்சரிப்பைப் போலியாக வருவித்துப் பாடுவோரை நாம் கேட்கிறோம். ஜான்சனின் ஒவ்வொரு மீட்டலையும் அவர்கள் பிசகின்றிப் படியெடுக்கின்றனர். ஜான்சனோ, ஒரே பாட்டை ஒரே அமர்வில் இருமுறை பதிந்தபோதும் வேறுபடுத்திப் பாடியவர். படியெடுப்போர் அவரிடமிருந்து எல்லாவற்றையும் கற்றனர். அந்த ஒன்றைத் தவிர.

வேறுவகையாய்க் கற்றோரும் உளர். வடகரோலினாவின் மீபேன் ஊரில் ஜோ தாம்சன் என்னும் கறுப்பின முதியவர், குடும்பத்தில் வழிவழி வந்த பிடில் வாசிப்பைத் தனியே காத்து வந்தார். பான்ஜோ வாசித்துத் துணைநின்ற உறவினர் ஓடெல் 1994இல் மறைந்துவிட்டார். 2005 முதல் ரியானன் கிட்டன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்னும் மூன்று இளைஞர் தாம்சன் வீட்டுக்குத் தொடர்ந்து சென்று, அவரோடு அமர்ந்து வாசித்தே கற்றனர். ஏட்டிலோ தட்டிலோ பார்த்துப் படித்ததன்று அது. தாம்சன் 2012இல் காலமானார். அவர் வாழ்ந்தபோதே, 2010இல் வெளிவந்த அவர்களின் இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. பழைய ஆட்டப்பாட்டுகளோடு, வானொலியில் ஒலித்த இக்காலப் பாட்டு ஒன்றையும் அதே பிடிலும் பான்ஜோவும் கொண்டு அதில் பாடியுள்ளனர். தூய்மை வேண்டுவோர்க்கு அஃது உவப்பாக இராது. நமக்கு அதுவே அத்தொகுப்பின் சிறந்த பாட்டாகப் படுகிறது.